மாதிரிப் படகு இஞ்சினுக்குக் கையால் செய்யும் எரிபொருள் பம்ப்

திருகோணமலை உள்துறைமுகத்தின் ஒதுக்கான பக்கங்களில் மாதிரிப் படகு ஓட்டும்வரை எரிபொருள் ஓட்டத்தில் குறை தெரியாது. டச் பே பக்கம் கொஞ்சம் அலை எழும்பினால் போதும், எல்லாம் வெளிவரும். படகு கவிழாமல் இருக்க எரிபொருள் தாங்கியை அடியில்தான் வைக்க வேண்டும். இஞ்சினுக்குள் போகும் எரிபொருளை அளந்து விடும் ஊசி வால்வோ அதைவிட 40, 50 மி.மீ. உயரத்தில் நிற்கும். மூக்குத் தூக்கி, வளைவில் எரிபொருள் ஒரு பக்கம் ஒதுங்கியதும் கலவையில் எரிபொருள் குறைந்து இஞ்சின் சூடேறும். விடாமல் ஓட்டினால் பிஸ்டன் இறுகிவிடும். சைலன்சரிலிருந்து தாங்கிக்கு அமுக்கம் கொடுப்பது பலருக்குப் போதுமானது. ஆனால் வேகத்தோடு அந்த அமுக்கமும் ஏறி இறங்கும். நம்பி ஓட்டப் பம்ப்தான் நல்லது.

மீன்பிடி வள்ளங்களில் பூட்டும் ரூ-ஸ்ரோக் இஞ்சினில் இருக்கும் பம்பின் வேலைதான் இதுவும். பிஸ்டன் ஏறி இறங்க, அதன் கீழுள்ள கிராங் கேஸ் அறைக்குள் அமுக்கம் கூடிக் குறைகிறது. அந்தத் துடிப்பு டயபிரம் என்ற மெல்லிய இறப்பர் தாளை அசைக்கிறது. இரண்டு ஒருவழி வால்வுகள் எரிபொருளை ஒரே திசையில் தள்ளுகின்றன.

வெட்டத் தொடங்குமுன் ஒரு கணக்கைப் பாருங்கள். 7.5 சிசி கிளோ இஞ்சின் (மெதனோலில் ஓடும் சிறு இஞ்சின்) முழு வேகத்தில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 30 மி.லீ. குடிக்கும். பம்ப் அதன் இரட்டிப்பு, 60 மி.லீ. தரட்டும். 15,000 சுற்றில் ஒரு துடிப்புக்கு வருவது 4 கன மி.மீ. மட்டுமே. 16 மி.மீ. விட்டமுள்ள டயபிரம் சராசரியாக 0.02 மி.மீ. அசைந்தாலே அது கிடைத்துவிடும். ஆகவே பம்பைப் பெரிதாக்கி ஒரு பயனும் இல்லை. வால்வு நாக்கு, அதாவது துளையை மூடித் திறக்கும் மெல்லிய தாள் துண்டு, நொடிக்கு 250 தடவை திறந்து மூட வேண்டும். பம்ப் நல்லதா கெட்டதா என்பது அங்கேதான் முடிவாகிறது.

28 மி.மீ. சதுரத்தில் மூன்று தட்டுகள் வேண்டும். அசெற்றல் பிளாஸ்ரிக் முதல் தெரிவு, அடுத்தது பித்தளை. உப்புக் காற்றில் அலுமினியமும் துருப்பிடிக்காத இரும்பு போல்ட்டும் சேர்ந்தால் அலுமினியம் வெள்ளையாய்ப் பொரிந்துவிடும். பேர்ஸ்பெக்ஸ் வேண்டாம், எரிபொருள் பட்டு மயிர்க்கோடாய் வெடிக்கும். நான்கு மூலையிலும் 3 மி.மீ. போல்ட்.

கீழ்த்தட்டில் 16 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழத்தில் ஒரு குழி. நடுவில் துடிப்பு ரியூப்பைப் பூட்டும் நிப்பிள். நடுத்தட்டின் அடியிலும் அதே அளவுக் குழி, இதுதான் பம்பின் அறை. இரண்டுக்கும் இடையில் டயபிரம். நடுத்தட்டுக்கும் மேல்தட்டுக்கும் இடையில் நாக்குகள் வெட்டிய வால்வுப் படலம். உள்வரும் வழிக்கு மேல்தட்டின் 2 மி.மீ. துளைதான் நாக்கு படிந்து மூடும் இருக்கை, நாக்கு கீழே மடங்க, நடுத்தட்டில் 8 மி.மீ. அகலம், 0.8 மி.மீ. ஆழத்தில் ஒரு பள்ளமும், அதிலிருந்து அறைக்கு ஒரு துளையும். வெளிச்செல்லும் வழிக்கு இதைத் தலைகீழாக்குங்கள்: இருக்கை நடுத்தட்டில், பள்ளம் மேல்தட்டில். இரண்டு துளைகளின் மையங்களுக்கும் இடையே 11 மி.மீ. தட்டையான அடி கிடைக்க, 8 மி.மீ. ட்ரில் அலகின் முனையைத் தட்டையாகத் தீட்டிக்கொள்ளலாம்.

படலத்துக்கு 0.1 மி.மீ. பொலியெஸ்ரர் தாள், அதாவது முன்பு புரொஜெக்ரரில் வைத்த தெளிவான தாள், மிக நல்லது. நாக்கு 4 மி.மீ. அகலம், 6 மி.மீ. நீளம். நீளத்தில் கை வைக்காதீர்கள். நாக்கின் நீளம் இரட்டித்தால் அதன் இயல்பான அதிர்வு வேகம் நாலில் ஒன்றாய் விழும். 10, 12 மி.மீ. நாக்கு மெதுவான ஓட்டத்தில் அழகாய் வேலை செய்து, முழு வேகத்தில் துடிப்புக்கு ஈடுகொடுக்க முடியாமல் பாதித் திறப்பிலேயே நின்றுவிடும். புது பிளேட்டால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். ஓரத்தில் பிசிர் இருந்தால் அது மூடாது.

இருக்கை முகங்களைக் கண்ணாடித் தட்டில் ஒட்டிய 400, பிறகு 1000 இலக்க எமரி கடதாசியில், தண்ணீர் விட்டு, எட்டுப் போட்டுத் தேயுங்கள். சாம்பல் நிறம் முகம் முழுக்க ஒரே சீராய் வரும்வரை விடக்கூடாது. வால்வுப் படலத்துக்குக் காஸ்கற் தேவையில்லை, சிலிக்கன் பசை பூசவே வேண்டாம். பிதுங்கிய பசை நாக்கைப் பிடித்துக்கொள்ளும்.

டயபிரத்துக்கு புல்வெட்டும் மெசின் காபரேற்றர் திருத்தும் கிற்றில் வரும் மெல்லிய நைற்றைல் இறப்பர் தாள் போதும். வள்ள இஞ்சினின் துணி வைத்த டயபிரம் இந்த அளவுக்கு விறைப்பு அதிகம். பெற்றோல் இஞ்சினுக்குச் சிலிக்கன் ரியூப் போடாதீர்கள், ஊதிக் கிழியும். மெதனோலுக்கு அது சரி.

துடிப்பை எடுக்க இஞ்சினின் பின்மூடியைக் கழற்றி, 2.5 மி.மீ. துளையிட்டு 3 மி.மீ. மரை வெட்டி நிப்பிள் பூட்டுங்கள். மூடியை இஞ்சினில் வைத்தபடி துளைத்தால் தூள் பெயரிங்குக்குள் போகும். துடிப்பு ரியூப் 50 மி.மீ.க்குள், தடித்த சுவருடன் இருக்கட்டும். மெல்லிய ரியூப் தானே ஊதிச் சுருங்கித் துடிப்பை விழுங்கிவிடும். பம்ப், இஞ்சின் மூடியின் நிப்பிளைவிட உயரத்தில் இருந்தால், ரியூப்பில் சேரும் ஒயில் திரும்ப வடியும்.

பம்பை நேரே ஊசி வால்வுக்குக் கொடுத்தால் அமுக்கத்தோடு கலவை ஆடும். அமுக்கச் சீராக்கி செய்வதைவிட 15 மி.லீ. பித்தளை மேல்தாங்கி ஒன்று வைப்பது எவ்வளவோ சுலபம். பம்ப் அதை நிரப்பும். மிச்சம் 4 மி.மீ. உள்விட்ட ரியூப்பால் பெரிய தாங்கிக்கு வழிந்து திரும்பும். வழிவு வாய் ஊசி வால்வுக்கு 5 மி.மீ. கீழே இருக்க வேண்டும். மேலே போனால் இஞ்சின் நின்றதும் எரிபொருள் உள்ளே வழிந்து நிரம்பும். பம்ப் இழுக்கும் காற்றுக்குமிழியும் இங்கேயே பிரிந்துவிடும்.

பூட்டுமுன் ஊசியில்லாத 20 மி.லீ. சிறிஞ்சால் சோதியுங்கள். வெளிவழியில் இழுத்தால் தாராளமாய் வர வேண்டும், தள்ளினால் மறிக்க வேண்டும். வாயால் உறிஞ்சிப் பார்க்காதீர்கள். மெதனோல் கண்பார்வையையே பறிக்கும் நஞ்சு, வெயிலில் அதன் தீயும் கண்ணுக்குத் தெரியாது. பிறகு இஞ்சினை வேறு தாங்கியில் ஓட்டி, பம்பின் வெளிவழியை அளவுச் சாடிக்குள் விட்டு அரை நிமிடம் அளந்து பாருங்கள். 30 மி.லீ. வந்தால் போதும்.

சூடு ஏற ஏற ஓட்டம் குறைந்தால் போல்ட்டுகளைப் பாருங்கள், பிளாஸ்ரிக் தளர்ந்திருக்கும். குமிழி நிற்காமல் வந்தால் உறிஞ்சும் பக்கத்து இணைப்பு கசிகிறது. ஊசியை முழுக்க மூடியும் இஞ்சின் புகைத்துக்கொண்டு ஓடினால் டயபிரம் கிழிந்து, துடிப்பு ரியூப் வழியே எரிபொருள் கிராங் கேஸுக்குள் போகிறது. நாள்கணக்கில் சும்மா கிடந்தபின் இழுக்கவில்லையென்றால் பெரும்பாலும் ஆமணக்கெண்ணெய் பிசினாகி நாக்கை ஒட்டியிருக்கும். சுத்தமான மெதனோலைச் சிறிஞ்சால் உள்ளே விட்டு ஊறவைத்தாலே பிரிந்துவிடும், கழற்ற வேண்டியதில்லை. ஓட்டி முடிந்ததும் தாங்கியை வடித்து, பம்புக்குள் நாலு சொட்டு மெல்லிய ஒயில் விட்டு வைத்தால் இந்தத் தொல்லையும் வராது.