கச்சான் காலத்துப் பாய்ப்படகு: எஞ்சின் குறிப்புகள்

ஜூன் 11, திருகோணமலை உள்துறைமுகம்

டாங்கியின் அடியிலிருந்து அரை லீற்றர் டீசலைக் கண்ணாடிப் போத்தலில் உறிஞ்சி எடுத்து, ஒரு மணிநேரம் அசையாமல் வைத்தேன். அடியில் விரற்கடை அளவு தண்ணீர். அதன்மேல் கோப்பித்தூள் போலக் கறுப்புப் படிவு. தண்ணீரும் டீசலும் தொடும் இடத்தில்தான் கிருமி வளரும். படகு துறையில் நிற்கும்வரை அந்த அழுக்கு அடியில் சும்மா கிடக்கும். வெளியே அலை குலுக்கியதும் கிளம்பி ஃபில்டரை அடைக்கும். துறையில் ஒழுங்காக ஓடிய எஞ்சின் கடலில் நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

தெளிந்த டீசல் வரும்வரை உறிஞ்சி, டாங்கியை வாய்வரை நிரப்பியாயிற்று. காலி இடம் குறைந்தால் உள்ளே ஈரம் வியர்ப்பதும் குறையும்.

உதிரிகள்: டாங்கிப் பக்க ஃபில்டர் 3, எஞ்சின் ஃபில்டர் 2, இம்பெல்லர் (குளிர்விக்கும் கடல்நீரை இழுக்கும் பம்பின் ரப்பர்ச் சக்கரம்) 2, பெல்ட் 1, செப்பு வொஷர் ஒரு பொதி. ஸ்பானர் 10, 12, 17.

ஜூன் 12, நிலாவெளிக்கு வெளியே

கோணேசர் மலையைச் சுற்றி வடக்கே திரும்பியபின் 10 மீற்றர் ஆழத்தை விட்டு வெளியே போகவில்லை. கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்று. எஞ்சின் நின்றால் படகு கரையில் மோதாது, வெளியே தள்ளுப்படும். ஆபத்தில்லாதது போலத் தெரிவதுதான் இதில் வில்லங்கம்: கரை விலக விலக ஆழம் கூடி, நங்கூரம் எட்டாமல் போகும்.

புறாத்தீவு தெரியும் தூரத்தில் எஞ்சின் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி நின்றது. இப்படி நின்றால் டீசல் போதவில்லை, அல்லது காற்று புகுந்துவிட்டது. கியரில் இருக்கும்போது ஒரே வெட்டில் நின்றால் தங்கூசி வலையோ கயிறோ விசிறியில் சுற்றியிருக்கும். அப்போது ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது.

தனி ஆளுக்கு எஞ்சின் இரண்டாவது வேலை. தலையைக் கீழே விட்டால் வெளியே பார்க்க ஆளில்லை. 7 மீற்றர் ஆழத்தில் நங்கூரத்தை இறக்கி, 35 மீற்றர் விட்டு, பிடித்ததா என்று கரையில் இரண்டு மரங்களை ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தபிறகே மூடியைத் திறந்தேன்.

டாங்கிப் பக்க ஃபில்டர் கறுத்திருந்தது. அதை மாற்றியபின் காற்றெடுக்க வேண்டும், அதாவது டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஒழுங்கு டாங்கியிலிருந்து எஞ்சினை நோக்கி: முதல் ஃபில்டர், எஞ்சின் ஃபில்டர், இன்ஜெக்ஷன் பம்ப், கடைசியில் சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர். ஒவ்வொன்றிலும் திருகாணியை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, குமிழி இல்லாமல் டீசல் வரும்போதே இறுக்க வேண்டும். கைப்பம்பின் பிடி எதிர்ப்பே இல்லாமல் ஆடினால் பம்ப் பழுதென்று எண்ண வேண்டாம். உள்ளே கேம் என்ற சுழலும் மேடு அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் சரிவரும்.

இன்ஜெக்டர்ச் சுரையை 17 ஸ்பானரால் அரைச் சுற்றுத் தளர்த்தி, த்ரொட்டிலை முழுதாகத் திறந்து ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் டீசல் பீச்சும். கையை அருகே கொண்டுபோகக் கூடாது, அந்த அழுத்தம் தோலைத் துளைக்கும். எஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் புகைக்குழாய் வழியாகத்தான் வெளியேறும்; சுழற்றும் நேரமெல்லாம் அதை உள்ளே விடும் கடல்நீர் வால்வு பூட்டியிருக்க வேண்டும். எஞ்சின் பற்றாமல் சுழன்றுகொண்டே இருந்தால் சைலன்சரில் தண்ணீர் தேங்கி, பின்வழியாகச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். சின்ன டீசல் கோளாறை எஞ்சின் சாவாக்குவது இந்த மறதிதான். பற்றிய கணமே வால்வைத் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் இம்பெல்லர் வறண்டு கருகும்.

ஜூன் 13, குச்சவெளி

ஃபில்டர்க் கிண்ணத்தில் துளித் தண்ணீர், வடித்தாயிற்று. சுரைகள் எல்லாவற்றையும் துடைத்துத் திரும்ப இறுக்கினேன். உறிஞ்சும் பக்கக் குழாயில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுத்தான் உள்ளே போகும். ஆகவே காய்ந்திருக்கும் இணைப்பையும் நம்பக் கூடாது. பழைய செப்பு வொஷரைச் செந்நிறமாகச் சுட்டு ஆறவிட்டால் மெதுமையாகி மீண்டும் பிடிக்கும்.

ஜூன் 14, தெற்கே திரும்பும் வழி

புகைக்குழாயில் தண்ணீர் குறைந்து ஆவி கூடியது. உடனே பாயில் ஓட்டி, எஞ்சினை நிறுத்தினேன். கடல்நீர் வடிகட்டியில் பாசி மட்டும். வால்வுக் குழாயைக் கழற்றிப் பார்த்தால் தண்ணீர் நன்றாகப் பாய்ந்தது, ஆகவே அடைப்பு வெளியே இல்லை. இம்பெல்லரில் இரண்டு இதழ் அறுந்திருந்தன. புதியதைப் போடுவது பத்து நிமிட வேலை; கிளிசரின் அல்லது பாத்திரம் கழுவும் சோப் பூசலாம், கிறீஸ் ரப்பரை ஊதவைக்கும். அறுந்த துண்டுகளைத் தேடி எடுப்பதுதான் முக்கியம். ஒன்று பம்பின் வெளிவாயில் கிடைத்தது, மற்றது அடுத்த குழாய் வளைவில். விட்டிருந்தால் புது இம்பெல்லரோடும் சூடேறும்.

ஜூன் 15, கொட்டியாரக் குடா வாய்

இங்கே கடலடிப் பள்ளத்தாக்கு குடாவுக்குள்ளேயே வருகிறது. எஞ்சின் நின்றால் நங்கூரம் உதவாது. காலைக் கச்சான் துறைமுக வாயிலிருந்து முகத்துக்கு நேரே அடித்தது. பிற்பகலில் கடற்காற்று எழும்வரை வெளியே காத்திருந்து, பாயை ஏற்றியபடியே எஞ்சினைக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு ஒஸ்டன்பர்க் முனையைத் தாண்டினேன்.

தண்ணீர் வரத்து இன்னும் முழுதாக இல்லை. மிச்சமுள்ள சந்தேகம் புகைக்குழாயின் முழங்கை வளைவு: கரி படிந்திருக்கும். கழற்றிச் சுரண்டவும் புது கேஸ்கட் வெட்டவும் வேண்டும்.