கடன் என் பெயரில், பால் காசு அவர் பெயரில்

தர்மபுரி மாவட்டத்தில் 1989-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியது. ரோமில் இருக்கும் ஐ.நா. அமைப்பான இஃபாட் (சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம்) இந்தியாவுக்குக் கடனாகக் கொடுத்த பணத்தின் உதவியோடு நடந்த திட்டம் அது. இதெல்லாம் எங்களுக்கு அப்புறம் தெரிந்த விஷயம். பெண்கள் குழுவாகச் சேர்ந்தால் வங்கிக் கடன் கிடைக்கும் என்று சொன்னார்கள், சேர்ந்தோம்.

கடன் உடனே வரவில்லை. முதலில் வாராவாரம் கூட்டம், ஆளுக்குக் கொஞ்சம் சேமிப்பு. யார் வந்தார்கள், என்ன முடிவானது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். எழுதத் தெரிந்த ஒருவர் குழுவை வழிநடத்தும் ஊக்குநர் ஆனார். கைநாட்டு வைத்தவர்கள் கையெழுத்துப் போடக் கற்றார்கள். சேர்ந்த பணத்தை எங்களுக்குள்ளேயே உள்கடனாகச் சுற்றவிட்டோம். மருத்துவச் செலவுக்கு ஒருத்தி, விதைக்கடலைக்கு ஒருத்தி. யாருக்கு முதலில் என்று சண்டை வரும், பேசித் தீர்ப்போம். இந்தக் காத்திருப்பைச் சுருக்கி எடுத்தவுடன் பணத்தைக் கொடுத்திருந்தால் குழு ஒரு வருடம்கூடத் தாங்கியிருக்காது என்றே இன்றும் நினைக்கிறேன்.

வங்கியில், "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா" என்றார்கள். கணவர் ஜாமீன் வேண்டாம், ஒருவர் கட்டாவிட்டால் குழுவே பொறுப்பு என்று கூட வந்த தொண்டு நிறுவனப் பணியாளர் எடுத்துச் சொன்னார். நாங்கள் தீர்மானப் புத்தகத்தையும் சேமிப்புப் பதிவேட்டையும் மேஜையில் வைத்தோம். மேலாளர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். உள்கடனில் பாக்கி இல்லை. கறவை மாட்டுக் கடன் என் பெயருக்கு வந்தது.

ஆனால் பால் சங்கத்தில் உறுப்பினர் என் கணவர். பால் கறந்து ஊற்றுவது நான், காசு வாங்குவது அவர். தவணை நாளில் அவரிடம் கை நீட்ட வேண்டியிருந்தது. குழுவில் பலருக்கும் இதே நிலை. கூட்டத்தில் தீர்மானம் போட்டு, பெண்களை உறுப்பினராக்கச் சொல்லி சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தோம். ஒரே ஆளாகப் போயிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். கொஞ்சம் இழுத்தடித்தார்கள், பிறகு சேர்த்துக்கொண்டார்கள். திட்ட அறிக்கையில் கடன் தொகையைத்தான் எழுதுவார்கள். வரும்படி யார் கைக்குப் போகிறது என்று கேட்டு எழுதியிருந்தால் இந்தக் குறை முதலிலேயே தெரிந்திருக்கும்.

1997 வாக்கில் மாநில அரசே இந்தக் குழு முறையை ‘மகளிர் திட்டம்’ என்ற பெயரில் மற்ற மாவட்டங்களுக்கும் கொண்டுபோனது. குழுவில் அடுத்தடுத்து கடன் வாங்கிக் கட்டினோம். நிலத்தை ஈடு வைக்கும் பெரிய கடனுக்கு மட்டும் வழியில்லை, பட்டா எங்களில் பெரும்பாலோர் பெயரில் இல்லை.