தொங்குகொடிகளில் புதுச் செடி எடுத்தல்: இதுவரை கண்டது

மணிபிளான்ட் கொடி கீழே நீண்டுகொண்டே போக, தொட்டியின் மேற்புறம் கிளையின்றி மொட்டையாகிவிடுகிறது. நுனிக்கொழுந்து வளர்ந்துகொண்டிருக்கும் வரை பக்க மொட்டுகளை அது அடக்கி வைத்திருக்கும் என்பதால், நுனியை வெட்டிய பிறகே வெட்டுக்கு அடுத்து வேர்ப்பக்கமாக உள்ள கணுவிலிருந்து புதுத் தளிர் கிளம்புகிறது. ஆகவே போத்து (நடுவதற்கான தண்டுத் துண்டு) எடுப்பதும் தாய்ச்செடியை அடர்த்தியாக்குவதும் ஒரே வேலைதான்.

வெட்டிய கொடியை ஒரு துண்டுக்கு ஒரு கணு, ஓர் இலை என்ற கணக்கில் நறுக்கி, கணு மட்டும் மூழ்கும்படி தண்ணீரில் வைத்தேன். கணுவையொட்டிப் பழுப்பு நிறத்தில் குருணைபோல் துருத்திக்கொண்டிருக்கும் காற்றுவேர், ஈரம் பட்டபின் நுனி வெளுத்து நூலாக நீளுவதைக் கண்ணாடிக் குப்பியின் வழியே பார்க்க முடிந்தது. கணு இல்லாமல் காம்போடு கிள்ளிய இலையும் சில வேளைகளில் வேர் விடும் என்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. மொட்டு இல்லாத அந்த இலை எத்தனை காலம் பசுமையாக நின்றாலும் கொடியாவதில்லை. வேர்ப்பிடிப்புத் தூள் இந்தச் செடிக்கு வீண்செலவு என்பது என் கருத்து.

தண்ணீரில் விளைந்த வேர் எளிதில் ஒடியும். வேரை அரை அடிக்கு வளரவிட்டு அழகு பார்ப்பதைவிட, இரண்டு அங்குலத்துக்குள் இருக்கும்போதே தென்னைநார்த் தூளும் பெர்லைட் என்னும் எடையற்ற வெள்ளைக் குருணையும் கலந்த மண்ணுக்கு மாற்றி, புதுக்கொழுந்து வரும் வரை ஈரம் வற்றாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

மெழுகுபோன்ற பூப்பூக்கும் ஹோயா கொடிக்கு இந்த அவசரம் ஒத்துவராது. வெட்டிய இடத்தில் பால் வடிவதால் காயவிட்டே நட வேண்டியிருக்கிறது. அதைவிட, தாய்க்கொடியிலிருந்து பிரிக்காமலேயே ஒரு கணுவைப் பக்கத்துத் தொட்டி மண்ணில் கம்பி வளைத்து அழுத்தி வைக்கும் பதியமுறை எனக்கு நிம்மதியாகப் படுகிறது. பூ உதிர்ந்த காம்பில் மீண்டும் மொட்டு வரும் என்பதால் அதை வெட்டாமல் விட்டிருக்கிறேன். முத்துப்போல் உருண்ட இலைகள் கொண்ட ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ் கொடியைத் தண்ணீரில் வைக்காமல், மண்ணின்மேல் சுருளாகப் பரப்பி, கணுக்கள் மண்ணைத் தொடும்படி விட்டதில் ஆங்காங்கே வேர் பிடித்திருக்கிறது.

வெள்ளை மிகுந்த மணிபிளான்ட் வகைதான் மந்தமாக இருக்கிறது. வெள்ளைப் பகுதியில் பச்சையம் இல்லாததால் அந்தத் துண்டு தனக்கான உணவைக் குறைவாகவே தயாரிக்கிறது. அடுத்த வெட்டை, இலையில் பச்சையும் தண்டில் வெள்ளைக் கோடும் சேர்ந்திருக்கும் கணுவிலிருந்து எடுக்கப்போகிறேன்.