ஹட்டனிலிருந்து இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு

இன்டர்வியூவுக்குக் கூப்பிடுகிற கோல் வருகிற நேரம் பெரும்பாலும் வசதியில்லாத நேரமாகத்தான் இருக்கும். பஸ்ஸுக்குள் நெரிசலில் நிற்கும்போது வரும், இல்லாவிட்டால் சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டுகிற தோட்டத்து லய வீட்டு வாசலில் வரும். "சரி சேர், வாறேன்" என்று சொல்லி வைத்துவிட்டால் தேவையான பாதி விஷயம் கைநழுவிப் போய்விடும். இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கிளை, எத்தனை மணி, எந்த மொழியில் கேட்பார்கள், எழுத்துப் பரீட்சை உண்டா, மூலப் பத்திரங்கள் வேண்டுமா, கொப்பி போதுமா. இதைக் கேட்டதற்காக யாரையும் யாரும் தள்ளிவைப்பதில்லை. சரியாகக் கேட்கவில்லை என்றால் "லைன் கட்டாகுது சேர், மெசேஜ் ஒன்று போட முடியுமா?" என்று சொல்வதும் தப்பில்லை.

அடுத்தது பைல். மலையகத்துப் பிள்ளைகள் அதிகம் சிக்கிக்கொள்கிற இடம் இது, பதில் சொல்லத் தெரியாததால் அல்ல, பெயரால். பிறப்புப் பத்திரம் பலருக்குச் சிங்களத்தில் இருக்கும். பதிவாளர் காதில் விழுந்தபடி பெயரை எழுதியிருப்பார். ஓ.எல். பெறுபேற்றில் பாடசாலை கொடுத்த பெயர் இருக்கும். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், சான்றிதழில் பின்னால். யோகேஸ்வரி ஒன்றில் யோகேஷ்வரியாகவும் இன்னொன்றில் யோகேஸ்வரன் என்றும்கூட ஆகியிருப்பாள். இன்டர்வியூவுக்கு முதல் நாள் எல்லாப் பத்திரத்தையும் தரையில் பரப்பி, பெயர், பிறந்த திகதி இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். சின்ன வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து வைத்துக்கொள்ளலாம். தனியார் கம்பனிகள் பெரும்பாலும் அதோடு விட்டுவிடும். அரசாங்க வேலைக்குப் பிறப்புப் பத்திரத்தையே திருத்தச் சொல்லலாம். அது மாதக்கணக்கில் இழுக்கிற வேலை, கோல் வரும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்க வேண்டும்.

ஜீ.எஸ். (கிராம சேவகர்) சான்றிதழும் அப்படித்தான். ஜீ.எஸ். கையெழுத்தோடு முடியாது, பிரதேச செயலகத்தில் மேலொப்பமும் வேண்டும். ஜீ.எஸ். எல்லா நாளும் ஒபிஸில் இருக்கவும் மாட்டார். ஒரு சான்றிதழுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள். கொப்பிகள் இரண்டு செட் எடுத்து, மூலப் பத்திரங்களைத் தனி உறையில் வையுங்கள். கேட்டால் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது.

இனி கேள்விகள். முதலாவது எப்போதும் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்பதுதான். அதில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வீட்டுக் கதையைத் தொடங்குகிறார்கள் என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம், ஆனால் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ ஒத்திகை நடத்தும்போது எங்கள் காதில் விழுவது அதுதான்: அப்பா தோட்டத்தில், அம்மா கொழுந்து எடுக்கிறாங்க, தங்கச்சிமார் ரெண்டு பேர். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கேட்பவருக்கு வேண்டியது அதுவல்ல. ஒன்றரை நிமிடத்துக்குள் மூன்று விஷயம் வர வேண்டும்: எங்கிருந்து என்ன படித்தீர்கள், கையால் என்ன வேலை செய்தீர்கள், அது இந்த வேலைக்கு எப்படிப் பொருந்தும். பைனான்ஸ் கம்பனி ஒன்றின் காசாளர் வேலைக்கு என்று வைத்துக்கொள்வோம்:

"நான் தலவாக்கலைப் பக்கம். 2023இல் வணிகப் பிரிவில் ஏ.எல். எழுதினேன், கணக்கியலில் பி சித்தி. அதன் பிறகு டவுனில் ஹார்ட்வெயார் கடை ஒன்றில் 14 மாதம் பில் போட்டேன். பின்னேரம் கடை மூடும்போது காசை எண்ணிப் பில்லோடு சரிபார்ப்பது என் பொறுப்பு. காசு கையாள்வது பழகிவிட்டதால் இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன்."

கடைசி இரண்டு வாக்கியத்தைக் கவனியுங்கள். பதில் எங்கே முடிகிறதோ அங்கிருந்துதான் அடுத்த கேள்வி கிளம்பும். "காசு குறைந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்கிறது, ஏனென்றால் அது உங்கள் கடையில் நடந்த விஷயம். யூடியூப்பில் மனப்பாடம் செய்த பதில் உடைவதும் இங்கேதான். முதல் கேள்வியை அது தாண்டிவிடும், இரண்டாவதில் மூச்சு முட்டும்.

தோட்டத்துப் பெயரை விழுங்காதீர்கள். "நுவரெலியா" என்று மட்டும் சொல்லி நிறுத்துகிறவர்கள் உண்டு. எதிரில் இருப்பவர் சீவியில் (சுயவிபரக் கோவையில்) விலாசத்தைப் பார்த்துவிட்டு "எந்த தோட்டம்?" என்பார். அப்போது குரல் தடுமாறும், அது பொய்யைப் பிடித்தது மாதிரித் தெரியும். முதலிலேயே சாதாரணமாகச் சொல்லிவிட்டால் அங்கே கேள்வியே இல்லை.

"சண்டை, சச்சரவு வந்தபோது எப்படிக் கையாண்டீர்கள்?" என்ற வகைக் கேள்விக்கு, வேலை செய்த அனுபவம் இல்லை என்று கையை விரிக்கிறார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்கு 60 வீட்டில் வரி பிரித்தவருக்கா அனுபவம் இல்லை? இதை நான்கு படியாகச் சொல்லுங்கள்: நிலைமை (இரண்டு வீடு போன வருஷக் கணக்கைக் காட்டினால்தான் வரி தருவோம் என்றார்கள்), உங்கள் பொறுப்பு (பொருளாளர்), செய்தது (பழைய கொப்பியைத் தேடி எடுத்து, வரவு செலவை எழுதிக் கோயில் சுவரில் ஒட்டியது), பலன் (அந்த இரண்டு வீடும் கொடுத்தது). மூன்றாவது படியில் "நாங்க" என்று சொல்லாமல் "நான்" என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கூட்டாகச் சொல்வது நம் பழக்கம். ஆனால் அவர்கள் வேலைக்கு எடுக்கப்போவது கோயில் கமிட்டியை அல்ல.

பலவீனம் என்ன என்று கேட்டால் "ரொம்ப உழைப்பேன், அதுதான் பலவீனம்" என்பது எல்லோரும் கேட்டுச் சலித்த பதில். உண்மையான, சின்ன, அந்த வேலையின் அடிமடியில் கைவைக்காத ஒன்றைச் சொல்லுங்கள், அதற்கு என்ன செய்கிறீர்கள் என்பதையும் சேர்த்து: சிங்களம் பேசுவேன், எழுதுவது மெதுவாக வரும், தினமும் பத்திரிகைத் தலைப்புகளை எழுதிப் பழகுகிறேன். காசாளர் வேலைக்குப் போய் கணக்கில் கவனம் குறைவு என்று சொல்வது நேர்மைதான், ஆனால் அத்தோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான்.

மொழி விஷயத்தை லேசாக எடுக்க முடியாது. கொழும்பிலோ கண்டியிலோ தமிழ் தெரிந்தவர் மேசைக்கு எதிரில் இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். இலக்கணம் தவறினால் மன்னிப்பார்கள். கேள்வி புரியாமல் "ஹா ஹா" (சரி சரி) என்று தலையாட்டினால் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு சிங்கள வாக்கியத்தை நாக்கில் ஏற்றி வையுங்கள்: "ஆயெத் கியன்ன புளுவன்த?" (திரும்பச் சொல்ல முடியுமா), "மட்ட டிக்கக் ஹிதன்ன வெலாவ தென்ன" (யோசிக்கக் கொஞ்சம் நேரம் தாருங்கள்). உங்களைப் பற்றிய பதிலை இன்டர்வியூ நடக்கும் மொழியிலேயே போனில் பதிவு செய்து கேளுங்கள். மனசுக்குள் சொல்லிப் பார்ப்பது பயிற்சியே இல்லை. வாய் திறந்தால்தான் எந்தச் சொல்லில் தடக்குகிறது என்று தெரியும். மூன்று தடவை பதிந்தால் "வந்து", "அதாவது" பாதியாகக் குறையும்.

சம்பளம். "எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்றால் "நீங்க தாறத தாங்க" என்று சொல்லாதீர்கள். வீட்டிலேயே கணக்குப் போட்டுக்கொண்டு போக வேண்டும்: போடிங் (தங்குமிடம்) காசு, மூன்று வேளைச் சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது. அதற்கு மேல் ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) பிடிப்பைச் சேருங்கள். சம்பளம் 40,000 ரூபா என்று சொன்னால் அதில் 8 சதவீதம், 3,200 ரூபா, கழியும், கைக்கு 36,800. கம்பனி தன் பங்குக்கு 12 சதவீதம் போட வேண்டும், ஈ.டி.எப்.புக்கு (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு) 3 சதவீதம் தனியாக. இந்த 12ஐயும் 3ஐயும் உங்கள் சம்பளத்திலிருந்தே பிடிப்போம் என்று யாராவது சொன்னால் அது சட்டப்படி இல்லை. எழுந்து சண்டை போட வேண்டாம், குறித்துக்கொண்டு வாருங்கள்.

பழைய வேலையை ஏன் விட்டீர்கள் என்பதற்கு முதலாளியைத் திட்டாமல் ஒரே வாக்கியம் போதும். உடுப்பு: துவைத்து ஸ்திரி போட்டது, சப்பாத்தில் சேறு இல்லாதது. மழைக்காலத்தில் சப்பாத்தை உறையில் கொண்டுபோய் டவுனில் மாற்றுங்கள்.

அரசாங்க வேலை என்றால் வெள்ளிக்கிழமைகளில் வரும் வர்த்தமானியில் உங்கள் பதவிக்கான அறிவித்தலை முழுவதும் வாசியுங்கள். "பொது நேர்முகப் பரீட்சை" என்று இருந்தால் பெரும்பாலும் புள்ளி கிடையாது, தகைமையைச் சரிபார்ப்பார்கள். அங்கே பைல்தான் எல்லாம். "கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை" என்றால் எதற்கு எத்தனை புள்ளி என்று அறிவித்தலிலேயே போட்டிருக்கலாம். அந்த அட்டவணையைப் பார்த்து, புள்ளி தருகிற சான்றிதழ் ஒவ்வொன்றையும் அதே வரிசையில் அடுக்குங்கள்.

காலை 9 மணிக்குக் கொழும்பில் இருக்க வேண்டும் என்றால் அன்று விடிய பஸ் ஏறுவது சூதாட்டம். கினிகத்தேனை, கித்துல்கல பாதையில் மழை நாளில் ஒரு மண்சரிவு போதும். ரயிலும் அதே மலையில்தான் ஓடுகிறது. முதல் நாளே போய்த் தங்குங்கள். தங்க இடமில்லை என்றால் கோல் வந்த அன்றே சொல்லி 11 மணிக்கு மாற்றக் கேளுங்கள். சூம் இன்டர்வியூ என்றால் முதல் நாள் அதே மணிக்கு, அதே இடத்தில் வீடியோ கோல் எடுத்துப் பாருங்கள். லயத்தில் பின்னேரம் எல்லோரும் போனில் இருக்கும்போது வேகம் செத்துவிடும். கொமியூனிகேஷன் கடையில் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்குவது நல்லது.

கடைசியில் "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். இல்லை என்று எழும்பாதீர்கள். தகுதிகாண் காலம் எத்தனை மாதம், ஈ.பி.எப். முதல் மாதத்திலிருந்தே உண்டா, முடிவு எப்போது தெரியும் என்று கேளுங்கள். ஒரு வாரம் என்று சொன்னால் எட்டாவது நாள் நீங்களே கோல் எடுக்கலாம்.