நிறம் போன நீர்

திருப்பூரில் பல ஆண்டுகள் சாயப்பட்டறையில் வேலை பார்த்த என் சித்தப்பா, சென்ற வாரம் பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மின்சாரம் பாய்ச்சியதும் கருநீலச் சாயநீர் மெல்ல வெளுத்துத் தெளிவதை ஆய்வகத்தில் நான் எடுத்திருந்த காணொளியைப் பார்த்துவிட்டு, "தண்ணி சுத்தமாயிடுச்சேப்பா" என்றார். ஆகவில்லை என்பதை அவருக்கு விளக்க ஒரு மாலைப் பொழுது முழுவதும் தேவைப்பட்டது.

இந்த முறைக்கு மின்-ஃபென்டன் என்று பெயர். நீரில் மின்சாரம் பாய்ச்சி, கார்பனால் ஆன எதிர்மின்வாயின் (எலக்ட்ரான்களைத் தரும் முனை) மீது காற்றைச் செலுத்தினால், அதிலுள்ள ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்று, நீரிலேயே ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. அதனுடன் சிறிதளவு இரும்பு உப்பு சேரும்போது ஹைட்ராக்சில் தனிஉறுப்பு பிறக்கிறது. சாய மூலக்கூறுகளைத் தாக்கி உடைக்கும் தீவிரமான துகள் அது. இரும்பும் பெராக்சைடும் சேர்ந்தால் நிகழும் இந்த ஆக்சிஜனேற்றத்தை வேதியியலாளர் ஃபென்டன் 1894-லேயே விவரித்துவிட்டார். மின்சாரம் இதில் செய்யும் கூடுதல் உதவி என்னவென்றால், வினையில் ஓர் எலக்ட்ரானை இழந்து ஃபெரிக் வடிவத்துக்கு மாறிய இரும்பை, எதிர்மின்வாய் மீண்டும் பழைய ஃபெரஸ் வடிவத்துக்குக் கொண்டுவந்து தருகிறது. அதனால்தான் இரும்பு இங்கே செலவாகும் சரக்காக இல்லாமல் வினையூக்கியாக நிற்கிறது. நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவை 3-ஐ ஒட்டி வைக்க வேண்டும். உயர்ந்தால் இரும்பு பழுப்புச் சேறாகப் படிந்துவிடும்.

அசோ என்னும் வகைச் சாயத்தில் இரண்டு நைட்ரஜன் அணுக்களை இணைக்கும் பிணைப்பு அறுந்தவுடன் நிறம் போய்விடுகிறது. ஆனால் சாயத்தின் பென்சீன் வளையங்கள் (கார்பன் அணுக்களாலான வளையங்கள்) இன்னும் நீரில்தான் இருக்கின்றன. அவையும் உடைந்த பிறகு ஆக்சாலிக் அமிலம் போன்றவை எஞ்சி, இரும்பைப் பற்றிக்கொண்டு, எளிதில் சிதையாமல் நிற்கின்றன. புறஊதா ஒளியைப் பாய்ச்சினால் அந்தப் பிடி உடையும். போரான் கலந்த வைர நேர்மின்வாயும் அவற்றைச் சிதைக்கும், விலைதான் அதிகம். ஆகவே கண்ணை நம்பாமல், நீரில் எஞ்சியுள்ள மொத்தக் கரிமக் கார்பனை அளந்து பார்த்த பிறகே நான் எதையும் சொல்வேன்.

பெங்களூரில் நுரை பொங்கும் பெல்லந்தூர் ஏரிக்கு இதைச் செய்யலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அங்கு நுரைக்கக் காரணம் நாள்தோறும் பெருமளவில் சேரும் கழிவுநீர். அதற்கு நுண்ணுயிர்ச் சுத்திகரிப்பே உகந்தது. நுண்ணுயிர்களால் தின்ன முடியாத, அளவில் சிறிய, செறிவு மிகுந்த கழிவுக்குத்தான் மின்சாரத்தைச் செலவழிப்பது நியாயம் என்பது என் கருத்து.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட சித்தப்பா, "சரி, உப்பு எங்க போகும்?" என்றார். சாயமேற்றும்போது சேர்க்கும் உப்பைத்தான் கேட்டார். கழிவுநீர்ப் பிரச்சினையால் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட காலத்தை நேரில் கண்டவர் அவர். உப்பு எங்கும் போகாது என்றேன். அது மின்னோட்டத்துக்கு வழிவிடும். அதே வேளையில், அதிலுள்ள குளோரைடு நேர்மின்வாயில் குளோரினாகி, கரிமப் பொருள்களோடு சேர்ந்து புதிய நச்சுகளையும் உண்டாக்கக்கூடும். அடுத்த சோதனைக்கு உப்பில்லாத சாயநீரை விட்டுவிட்டு, உப்புக் கலந்த சாயநீரையே எடுக்கவிருக்கிறேன்.