விருதுநகரில் திரும்பிய ரயில்

ஆடி அமாவாசைக்கு முந்தைய நாள் காலை 9 மணிக்கு மதுரையில் ரயில் ஏறியபோது, நண்பகலுக்குள் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, அம்மா சமைத்து வைத்திருக்கும் மதியச் சாப்பாட்டுக்குப் பாளையங்கோட்டை வீட்டுக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். மறுநாள் விடியலில் குறுக்குத்துறையில் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க வேண்டும். மதுரையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில் பாதை 157 கிலோமீட்டர்தான்; சின்ன வயதிலிருந்து எத்தனையோ முறை போன வழி. அன்று நான் ஜங்ஷனை நெருங்கியபோது மாலை 7 மணி ஆகிவிட்டது, அதுவும் தென்காசி வழியாக.

திருமங்கலம் தாண்டி, கள்ளிக்குடியில் வண்டி நின்றது. அது அங்கே நிற்கும் வண்டி அல்ல என்பதால் முதலில் எல்லோரும் கிராசிங், எதிர் வண்டிக்கு வழி விடுகிறார்கள் என்றே நினைத்தோம். இரட்டைப் பாதை வந்த பிறகு இந்த வழியில் கிராசிங்குக்கு வேலை இல்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. ஐந்து நிமிடம் பத்தாகி, பத்து நாற்பதானது. என் எதிர் இருக்கையில் இருந்த மாணவர் பிற்பகல் 3 மணிக்குப் பாளையங்கோட்டையில் ஒரு தேர்வு எழுத வேண்டியவர். ஒவ்வொரு முறை வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதும் அவர் முகம் இன்னும் சற்றுச் சுருங்கியது. சன்னலோரம் இருந்த பெரியவர் மட்டும் வெளியே முன்பக்கம் எரிந்த சிவப்பைப் பார்த்தபடி அமைதியாக இருந்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது பேச்சில் தெரிந்தது. கல்லிடைக்குறிச்சிக்காரர். அவரை நான் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான்.

விருதுநகர் வந்து சேர்ந்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் ஒன்றும் சொல்லப்படவில்லை. பிறகுதான் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் இடையே மேலே செல்லும் மின்கம்பி அறுந்துவிட்டதால், வண்டி இராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி வழியாகத் திருநெல்வேலிக்குத் திருப்பி விடப்படுகிறது; கோவில்பட்டி, மணியாச்சி போகிறவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு கம்பி அறுந்ததற்கு இத்தனை பெரிய மாற்றமா என்று பெட்டியில் பலர் கேட்டார்கள். அந்தக் கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட் மின்சாரம். அது அறுந்து தரையையோ கம்பத்தையோ தொட்ட கணமே, துணை மின்நிலையத்தில் இருக்கும் பிரேக்கர் தானாகத் துண்டித்துக்கொள்கிறது. அதன்பின் அந்தப் பகுதியில் மின்சாரம் இல்லை என்பதை உறுதி செய்து, கம்பியைத் தரையோடு இணைத்துப் பாதுகாப்பாக்கிய பிறகே, டவர் வேகன் என்ற மேடை வைத்த பழுதுபார்ப்பு வண்டியில் ஆட்கள் மேலே ஏறித் தொட முடியும். அறுந்த கம்பி பக்கத்துப் பாதையின் கம்பியிலும் சிக்கிக்கொண்டால் இரண்டு பாதையும் சேர்ந்தே நிற்கும். ஆடிக்காற்று வீசுகிற மாதம். கரிசல் காட்டின் வெட்டவெளியில் மரக்கிளை வேண்டாம், பறந்து வரும் ஒரு தகரம் போதும் என்றார் அண்ணாச்சி. அந்த வேலையை அவசரப்படுத்தும்படி யாரும் கேட்கக் கூடாது என்பது என் எண்ணம். அங்கே மேலே ஏறி நிற்பவரின் உயிர், நம் மதியச் சாப்பாட்டைவிடப் பெரிது.

என் மனத்தாங்கல் வேறு. கள்ளிக்குடியில் வண்டியை நிறுத்தி வைத்தபோதே காரணம் தெரிந்த யாரோ ஒருவர் எங்கோ இருந்திருக்கிறார். அதை அப்போதே சொல்லியிருந்தால், அந்த மாணவர் விருதுநகரில் வண்டி நின்ற உடனேயே இறங்கிப் பேருந்து நிலையத்துக்கு ஓடியிருப்பார். அவர் இறங்கியபோது மணி 11:40. அங்கிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்தில் இரண்டு, இரண்டரை மணி நேரம் ஆகும். நாற்பது நிமிடத் தெளிவு அவருக்குக் கிடைத்திருந்தால் பதற்றமில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கலாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடைமேம்பாலத்தில் இரண்டிரண்டு படியாக ஏறிய அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்பது எனக்குத் தெரிய வழியில்லை. இன்றும் அது மனதில் கிடக்கிறது.

அறிவிப்பு வந்த பிறகும் வண்டி உடனே புறப்படவில்லை. லோகோ பைலட் தனக்குப் பழக்கமில்லாத பாதையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விட முடியாது. எந்த வளைவில் எவ்வளவு வேகம், எந்த சிக்னல் எங்கே நிற்கிறது என்று அந்தப் பாதையைக் கற்றுத் தேர்ந்தவர் வர வேண்டும். அப்படி ஒருவர் வந்து ஏறியதும், ரயில் தெற்கே போகும் பாதையை விட்டு மேற்கே சிவகாசிப் பக்கம் திரும்பியது.

விருதுநகர்–தென்காசிப் பாதை 1927-இல் வந்தது. மீட்டர் கேஜாக இருந்த அது 2004-இல் அகலப் பாதையானது. தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகத் திருநெல்வேலிக்கு வரும் பகுதி 2012-இல்தான் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகள் அந்த வழியில் ரயிலே ஓடவில்லை. அந்த நாளில் கோவில்பட்டிப் பக்கம் கம்பி அறுந்திருந்தால் எங்களைத் திருப்பி விட வேறு வழி இருந்திருக்காது. விருதுநகரிலிருந்து நேர்வழி சுமார் 114 கிலோமீட்டர், இந்தச் சுற்றுவழி 190-க்கும் மேல். ஆனாலும் ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று திறந்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, பெட்டியில் இருந்த கைக்குழந்தைக்காரப் பெண்ணையும், கண் அறுவை சிகிச்சை முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆச்சியையும் பார்த்தபோது உணர்ந்தேன். அவர்களால் பேருந்துக்கு ஓடியிருக்க முடியாது.

ஒற்றைப் பாதை என்பதால் இராஜபாளையத்தில் உண்மையாகவே கிராசிங். எதிர் வண்டி வந்து நிலையத்துக்குள் நுழையும் வரை எங்கள் வண்டி நகர முடியாது. திட்டத்தில் இல்லாத எங்கள் வண்டிக்கு இடம் கொடுப்பதற்காக, அந்தப் பாதையின் வழக்கமான வண்டிகள் எத்தனை எங்கெங்கே காத்திருந்தனவோ! எங்கள் தாமதத்தில் ஒரு பங்கை அந்த வண்டிகளில் இருந்தவர்களும் சுமந்தார்கள்.

சங்கரன்கோவில் தாண்டிப் பாம்புக்கோவில் சந்தையில் அடுத்த தடை வந்தது. நிலையத்தை விட்டுப் புறப்பட வேண்டிய சிக்னல் சிவப்பிலேயே நின்றது. எதிரில் வண்டியும் இல்லை, கம்பியும் அறுந்து கிடக்கவில்லை. பொறுமையாக இருந்தவர்களும் இப்போது சலித்துக்கொண்டார்கள். அண்ணாச்சி முதன்முறையாகக் குரலை உயர்த்திப் பேசியது அப்போதுதான்.

“சிக்னல் கெட்டுப்போச்சுன்னா செவப்பாத்தான் நிக்கும் தம்பி. அப்படி நிக்கணும்னுதான் அதைச் செஞ்சே வச்சிருக்கு.”

அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இந்தப் பக்கமெல்லாம் கைகாட்டி மரங்கள்தான். கேபினில் லீவரை இழுத்தால் நீளமான கம்பி இழுபட்டுக் கை கீழே இறங்கும்; வண்டி போகலாம். நடுவில் கம்பி அறுந்துவிட்டாலோ, எதிர் எடை இழுத்துக் கையைப் படுக்கைவாட்டுக்குக் கொண்டுபோய்விடும். வண்டி நிற்க வேண்டும். இன்றைய விளக்கு சிக்னலிலும் அதே நியாயம்தான் ஓடுகிறது. தண்டவாளத்தில் சிறு மின்னோட்டத்தை விட்டு, அது மறுமுனையில் ரிலே என்ற மின்காந்த சுவிட்சைப் பிடித்து வைத்திருக்கும்படி செய்கிறார்கள். வண்டியின் சக்கரங்கள் அந்த மின்னோட்டத்தைக் குறுக்கே இணைத்துவிட்டால் ரிலே விழுந்து சிக்னல் சிவப்பாகும். ஒயர் அறுந்தாலும், தண்டவாளம் உடைந்தாலும், மின்சாரமே நின்றாலும் ரிலே அதே போல விழும். 1872-இல் வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த டிராக் சர்க்கியூட் இது. உலகெங்கும் பாதாள ரயில்களிலும் இதன் வழித்தோன்றல்கள் ஓடுகின்றன. இன்னொன்று, கடந்து போகும் அச்சுகளை எண்ணும் ஆக்சில் கவுண்டர். 22 பெட்டிகளும் ஓர் இன்ஜினும் கொண்ட வண்டிக்கு 94 அச்சுகள். ஒரு பகுதிக்குள் 94 நுழைந்து, ஏதோ கோளாறால் 93 தான் வெளியேறியது என்று கணக்கு வந்துவிட்டால், அந்தக் கருவி பாதை காலி என்று ஒருபோதும் சொல்லாது. ஆள் போய்ப் பார்த்து உறுதி செய்யும் வரை சிவப்புதான்.

நாற்பது நிமிடம் கழித்து ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிக் கொடுத்த காகித அனுமதியோடு வண்டி நகர்ந்தது. கெட்டுப்போன சிக்னலைக் காகிதத்தின் பலத்தில் தாண்டும்போது 15 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. சைக்கிளில் போகிற ஒருவர் எங்கள் பெட்டியோடு சற்று தூரம் இணையாக வந்தார்.

“செவப்பைப் பாத்து நான் பயந்ததே இல்ல,” என்றார் அண்ணாச்சி. “தப்பா ஒரு பச்சை விழுந்திரக் கூடாதேன்னுதான் முப்பது வருசம் தூக்கம் கெட்டுக் கெடந்தேன்.” 2023 ஜூன் 2-ஆம் தேதி ஒடிசாவின் பாலசோர் அருகே நடந்த ரயில் விபத்தை அவர் பெயர் சொல்லாமலே நினைத்தார் என்பது எனக்குப் புரிந்தது. சிக்னல் இணைப்பில் நடந்த பிழையால், சென்னை நோக்கி வந்த வண்டிக்கு நேர்பாதையில் போகலாம் என்று சிக்னல் காட்ட, வண்டியைப் பாதை மாற்றும் பாயிண்டோ பக்கத்துப் பாதைக்குத் திரும்பிக் கிடந்தது. 290-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பெட்டியில் யாரும் சலித்துக்கொள்ளவில்லை.

கடையநல்லூரை நெருங்கும்போது இருபுறமும் காற்றாலைகள். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்றில் எல்லாம் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தன. இந்தச் சீமை முழுவதும் மின்சாரம் விளைகிற மண்: இங்கும் கயத்தாற்றிலும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் காற்றாலைகள், கடற்கரையில் கூடங்குளம். ஆனாலும் விளைகிற இடத்துக்கும் ஓடுகிற சக்கரத்துக்கும் நடுவே எத்தனை கண்ணிகள்! அதில் எது விட்டாலும் வண்டி நிற்கும். 2003 ஆகஸ்ட் 14-இல் வடகிழக்கு அமெரிக்காவில் மின்தொகுப்பு விழுந்தபோது, நியூயார்க் பாதாள ரயில்களில் இருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகளை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. 2012 ஜூலை 31-இல் வட இந்தியாவில் மின்தொகுப்புகள் சரிந்தபோது டெல்லி மெட்ரோ வண்டிகள் வழியிலேயே நின்றன. தென்னிந்திய மின்தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒத்திசைவில் இணைக்கப்படவில்லை. 2013-இன் கடைசி நாளில்தான் இணைந்தது. அதனால் 2012-இல் அந்தச் சரிவு எங்கள் ஊரை எட்டவில்லை. சுரங்கத்தின் இருட்டில், காற்றோட்டமில்லாமல், காரணமும் தெரியாமல் நிற்பவர்களை நினைத்துப் பார்த்தேன். எங்களுக்குச் சன்னல் திறந்திருந்தது. மேற்கே மலை தெரிந்தது.

தென்காசியில் சாரல். திருநெல்வேலிப் பாதைக்குப் போக வேண்டுமானால் அங்கே வண்டி திசை மாற வேண்டும். இன்ஜினைக் கழற்றி, பக்கத்துப் பாதை வழியாகக் கொண்டுபோய் மறுமுனையில் மாட்டி, பிரேக்கைச் சோதித்து முடிக்க அரை மணிக்கு மேல் ஆயிற்று. இவ்வளவு நேரம் வால்பக்கம் இருந்த எங்கள் பெட்டி தலைப்பக்கம் ஆனது. நடைமேடையில் சுக்குக் காப்பி விற்றவர், கண்ணாடி போட்ட ஆச்சியிடம் காசு வாங்க மறுத்துவிட்டார். ஆச்சி விடாமல் சன்னல் வழியே நாணயத்தை அவர் தட்டில் போட்டார்.

பாவூர்சத்திரம், கீழக்கடையம், ஆழ்வார்குறிச்சி என்று ஊர்கள் நெல்வயலோடு பின்னே போயின. எங்கள் வண்டிக்கு வழியில் நிறுத்தம் இல்லையென்றாலும், அம்பாசமுத்திரத்தில் கிராசிங்குக்கு நின்றபோது அண்ணாச்சி இறங்கிக்கொண்டார். திருநெல்வேலி போய் அங்கிருந்து திரும்பி வர வேண்டியவருக்கு வீடு அடுத்த ஊர்தான். “உங்களுக்குத் தாமசம், எனக்கு வீட்டு வாசல்ல எறக்கி விட்டுட்டாக. வாறேன் தம்பி,” என்று சொல்லி, துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

திருநெல்வேலி டவுன் தாண்டியதும் வண்டி மறுபடி நின்றது. ஜங்ஷன் விளக்குகள் தெரிகிற தூரம். அம்மா நான்காம் முறையாக அழைத்தாள்.

“எங்கப்பா நிக்கே?”

“டவுன் தாண்டியாச்சும்மா. சிக்னலுக்கு நிக்கி.”

“கோளாறா?”

கதவோரம் சாய்ந்து முன்னே பார்த்தேன். இருட்டில் ஒரே ஒரு சிவப்பு, அசையாமல் எரிந்தது. “இல்லம்மா. பிளாட்பாரம் காலியாகணும், அதுக்குத்தான்,” என்றேன். பின்னால் கைக்குழந்தை சிணுங்கியது. ஆச்சி ஏதோ சொல்லித் தட்டிக்கொடுத்தாள். சில நிமிடங்களில் மஞ்சள் விழுந்தது.