புது முதலாளியை மெக்கானிக் எப்போது நம்புவார்?

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏசி, குளிர்பதன சர்வீஸ் கம்பெனி ஒன்றை, அதை ஆரம்பித்து நடத்தியவரிடமிருந்து வாங்கி இப்போது நான் நடத்துகிறேன். எலெக்ட்ரிக்கல், பிளம்பிங், வெல்டிங் என்று இதே மாதிரி கைத்தொழில் கம்பெனி வாங்கப்போகிறவர்கள் என்னிடம் பேசும்போது கடன் எப்படி வாங்குவது, விலை எப்படிப் போடுவது, வாடிக்கையாளர் பட்டியலைச் சரிபார்ப்பது எப்படி என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறார்கள். அங்கே வேலை பார்க்கிறவர்கள் பற்றி நான் கேட்டால் மட்டும், "அவங்க எங்க சார் போகப்போறாங்க, சம்பளம் ஒழுங்கா குடுத்தா இருப்பாங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சம்பளம் தேதி தவறாமல் போய்ச் சேர வேண்டும், அதில் பேச்சே இல்லை. அது ஒருமுறை தள்ளிப்போனால் நாம் செய்கிற வேறு எதுவும் எடுபடாது. ஆனால் சம்பளத்தால் கிடைப்பது ஆள் வருகைதான். நம்பிக்கை வேறு வழியாக வருகிறது, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் நாம் எதற்குக் காசு கொடுத்தோம் என்று பாருங்கள். வேன், வேக்குவம் பம்ப், கேஜ், சிலிண்டர், பெயர்ப்பலகை, போன் நம்பர். பெயரையும் நம்பரையும் தவிர மற்ற எல்லாம் கடையிலேயே கிடைக்கும். இத்தனைக்கும் மேலே ஒரு விலை வைத்தார்களே, அது மெக்கானிக்குகளின் கையிலும் தலையிலும் இருப்பதற்கு. எந்தக் கட்டடத்தில் எந்த யூனிட்டின் டிரெயின் பைப் அடிக்கடி அடைக்கும், எந்த மொட்டைமாடி யூனிட்டுக்கு வயர் எங்கே சுற்றிப் போகிறது, ஒரு கம்ப்ரசர் ஸ்டார்ட் ஆகும்போது வருகிற சத்தத்தை வைத்து அது இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்பது. இதெல்லாம் எந்த ஒப்பந்தத்திலும் எழுதப்பட்டிருக்காது. நல்ல மெக்கானிக்குக்கு டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பெனிக்குப் போக ஒரு போன் போதும்.

அவர்கள் பக்கம் நின்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகத் தெரியும். அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் முதலாளி மாறிவிட்டார். வந்தவர் தொழில் தெரிந்தவரா, கணக்குப் பார்த்து ஆளைக் குறைக்க வந்தவரா, கொஞ்ச நாள் வைத்திருந்துவிட்டு இன்னொருவரிடம் தள்ளிவிடுவாரா? இதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பார்கள். முதல் நாள் கூட்டம் போட்டு "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்று பேசுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அப்படிப் பேசுகிறவர்களை அவர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருப்பார்கள்.

மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1995இல் எழுதிய ஒரு கட்டுரை, வேலையிடத்தில் ஒருவரை நம்புவதற்கு மூன்று விஷயங்களைச் சொல்கிறது: அவருக்குத் திறமை இருக்கிறதா, நம் நலனில் அக்கறை இருக்கிறதா, நேர்மையாக நடந்துகொள்கிறாரா. நான் பார்த்த வரையில், புது முதலாளி விஷயத்தில் இதில் முதலில் எடை போடப்படுவது நேர்மைதான், அதாவது சொன்னதைச் செய்கிறானா என்பது. திறமை கடைசியில் வருகிறது. முதலாளிக்குப் பிரேஸிங் (செம்புப் பைப்புகளைச் சூடுபண்ணி ஒட்டுகிற வேலை) பண்ணத் தெரியவில்லை என்றால் மெக்கானிக் மன்னித்துவிடுவார். தெரியாததைத் தெரிந்த மாதிரி பேசினால் மன்னிக்கவே மாட்டார்.

நேர்மைக்கான முதல் பரீட்சை எங்கிருந்து வரும் தெரியுமா? பழைய முதலாளி வாய்வார்த்தையாகக் கொடுத்த வாக்குகளிலிருந்து. "அடுத்த வருஷம் உனக்குச் சம்பளம் ஏத்தறேன்", "நீ முன்பணமாக வாங்கினதை மெதுவா கழிச்சுக்கலாம்", "உங்க அப்பாவுக்கு உடம்பு முடியாதப்ப எப்ப வேணா லீவு எடுத்துக்க". எந்தப் பேப்பரிலும் இருக்காது, ஆனால் ஒவ்வொருவர் மனதிலும் அழுத்தமாக இருக்கும். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே விற்பவரை உட்கார வைத்து, ஒவ்வொரு ஆளாகப் பெயர் சொல்லி, இவருக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, "உங்களுக்கு இப்படிச் சொல்லியிருக்காராம், இதுல ஏதாவது விட்டுப்போயிருக்கா?" என்று கேட்க வேண்டும். நான் அப்படித்தான் செய்தேன். முடிந்ததை அப்படியே ஏற்றுக்கொண்டு, முடியாத ஒன்றிரண்டை முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னேன். முடியாது என்று கேட்டவர்கள்கூட அதற்கப்புறம் கொஞ்சம் நிம்மதியாகத் தெரிந்தார்கள். எது இருக்கிறது எது இல்லை என்பது தெளிவாகிவிட்டதல்லவா. சர்வீஸ் வருஷக் கணக்கும் சேர்த்து வைத்த லீவும் தொடருமா என்பதை அன்றே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எப்படி வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துச் சட்டப்படி இது மாறலாம். கம்பெனியின் பங்குகளையே வாங்கினால் ஒரு மாதிரி, சொத்துகளை மட்டும் வாங்கினால் வேறு மாதிரி. வக்கீலிடம் கேட்கிற முதல் கேள்விகளில் இது இருக்கட்டும்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மெக்கானிக்கின் சொல்லுக்காக நாம் நஷ்டப்படுகிற ஒரு நாள் வரும். அன்று நாம் என்ன செய்கிறோம் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள்.

எங்களுக்கு அது ஒரு பெரிய வாடிக்கையாளரின் குளிர் அறையில் வந்தது. கம்ப்ரசர் மாற்றியாகிவிட்டது, உள்ளே சரக்கு இருக்கிறது, அவர்களின் மேனேஜர் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருக்கிறார். எங்கள் மூத்த மெக்கானிக் எனக்குப் போன் பண்ணி, "சார், வேக்குவம் நிக்கல. இப்ப கேஸ் போட்டா நாளைக்கு ஓடும், மறுபடி படுத்துடும். நான் போட மாட்டேன்" என்றார். இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். கேஸ், அதாவது குளிர்விக்கிற வாயு, நிரப்பும் முன் பைப்புக்குள் இருக்கிற காற்றையும் ஈரத்தையும் பம்ப் வைத்து இழுக்க வேண்டும். சாதாரணக் காற்றழுத்தம் 7,60,000 மைக்ரான் என்றால், அதை 500 மைக்ரானுக்குக் கீழே கொண்டுபோவது வழக்கம். அப்புறம் பம்பை அடைத்துவிட்டு மீட்டரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள் கொஞ்சம் ஏறி ஓர் இடத்தில் நின்றால் உள்ளே ஈரம் இருக்கிறது. நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் எங்கேயோ லீக். ஈரம் உள்ளே தங்கிவிட்டால் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி, கடைசியில் கம்ப்ரசர் மோட்டாரின் வைண்டிங்கையே (கம்பிச் சுருளையே) எரித்துவிடும். இப்போதைய யூனிட்டுகளில் வருகிற பிஓஇ என்ற செயற்கைக் கம்ப்ரசர் ஆயில் ஈரத்தை வேறு வேகமாக இழுத்துக்கொள்ளும். அவர் மீட்டரில் முள் ஏறிக்கொண்டே போனது.

"அண்ணே, நீங்க போட வேண்டாம். போனை ஸ்பீக்கர்ல போடுங்க" என்றேன். எங்கள் ஆள் சொல்வதுதான் கம்பெனியின் முடிவு, லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸ் போட மாட்டோம், சரக்கை மாற்றி வைக்க ஆகிற செலவில் எங்கள் பங்கைப் பேசிக்கொள்ளலாம் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை. திரும்ப நைட்ரஜன் அடித்து, மூட்டு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்ததில் ஃபில்டர் டிரையர் (ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கிற வடிகட்டி) பக்கத்து இணைப்பு நட்டில் சின்னதாக ஒரு குமிழ், அங்கேதான் லீக். அவ்வளவுதான். அன்றைய வேலையில் எங்களுக்கு லாபம் எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் அந்த போன் பேச்சை அங்கே நின்ற ஹெல்பர் பையன்கள் இரண்டு பேரும் கேட்டார்கள், மறுநாள் காலைக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்திருந்தது. அதுவரை எனக்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொன்னவர்கள் அதற்கப்புறம் அவர்களாகவே வந்து பேச ஆரம்பித்தார்கள்.

இதை ஒட்டியே இன்னொன்று. ஒரே வேலைக்கு மறுபடி கம்ப்ளெயின்ட் வந்தால் அந்த மெக்கானிக்கின் கூலியில் பிடிக்கிற வழக்கம் இந்தத் தொழிலில் பல இடங்களில் உண்டு. அதை முதலில் நிறுத்துங்கள். பிடித்தால் தவறு குறையாது, மறைக்கப்படும். வாடிக்கையாளரிடம் மெக்கானிக் தன் சொந்த நம்பரைக் கொடுத்து, "ஆபீசுக்குப் போன் பண்ணாதீங்க, எனக்கே பண்ணுங்க" என்று ரகசியமாகச் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருப்பார். நான் அந்தப் பிடித்தத்தை நிறுத்திய பிறகு பதிவேட்டில் ரிப்பீட் கம்ப்ளெயின்ட் எண்ணிக்கை ஏறியது. கணக்கை மட்டும் பார்க்கிறவருக்கு இது பயமாக இருக்கும். ஹார்வர்டைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்குகிற குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்ததைப் பார்த்தார். அங்கே பயமில்லாமல் சொன்னார்கள் என்பதுதான் அவர் கொடுத்த விளக்கம். என் பதிவேட்டைப் பார்த்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. தகவல் வந்தால்தானே, பிரேஸிங் பண்ணும்போது எந்த டீம் பைப்புக்குள் நைட்ரஜன் விடாமல் சூடு பண்ணுகிறது என்று தெரியும்? விடாவிட்டால் உள்ளே கறுப்பாகச் செதில் கட்டி, பிறகு உதிர்ந்து போய் கேப்பிலரி என்ற மெல்லிய குழாயை அடைக்கும். விசாரித்துப் பார்த்தால் அந்த டீமின் வண்டியில் நைட்ரஜன் சிலிண்டரின் ரெகுலேட்டர் உடைந்து கிடந்தது, பலமுறை கேட்டும் யாரும் வாங்கித் தரவில்லை. அன்று மாலையே வாங்கிக் கொடுத்தேன். கேட்ட டூல் வந்து சேருவதைவிட வேகமாக நம்பிக்கை வளர்க்கிற விஷயம் ஒன்றை நான் இன்னும் பார்க்கவில்லை.

வந்ததும் வராததுமாக வண்டியில் ஜிபிஎஸ் மாட்டுவது, போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்றச் சொல்வது இதெல்லாம் வேண்டாம். பின்னால் தேவைப்படலாம், நாங்களும் பின்னால் சிலதைக் கொண்டுவந்தோம். ஆனால் ஆரம்பத்தில் அது "உன்னை நம்பவில்லை" என்று எழுதி ஒட்டுவது போலத்தான்.

பயிற்சிக்குச் செலவு பண்ணுவது வேறு கதை, அதை எவ்வளவு சீக்கிரம் செய்கிறோமோ அவ்வளவு நல்லது. ஓசோனைக் காக்க 1987இல் வந்த மான்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகு கேஸ்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆர்-22 என்ற பழைய கேஸில் கை பழகியவர்கள் இப்போது ஆர்-32 என்ற புதிய கேஸில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. அது ஆர்-22ஐவிட ஒன்றரை மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் ஓடுகிறது, போதாததற்கு லேசாகத் தீப்பிடிக்கக்கூடியது. மூத்தவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. நேற்று வந்த பையனுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியவில்லை என்று வெளியே தெரிந்துவிடுமோ என்கிற கூச்சம். அதனால் பயிற்சிக்கு முதலில் மூத்தவர்களை அனுப்பி, அவர்களே திரும்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி வைத்தோம். சீக்கிரம் விற்றுவிட்டுப் போகிறவன் ஆட்களின் படிப்பில் காசு போட மாட்டான் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு செய்தும் சிலர் போவார்கள். எங்களிடமிருந்தும் ஒரு நல்ல மெக்கானிக் போனார், பழைய முதலாளிக்காகத்தான் இத்தனை நாள் இருந்தேன் என்று சொல்லிவிட்டே போனார். அதில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. அப்படிப் போகிறவருக்குச் சேர வேண்டியதை இழுத்தடிக்காமல் முழுசாகக் கொடுத்து, அனுபவச் சான்றையும் கையில் கொடுத்து அனுப்புங்கள். அவர் போகிற இடத்தில் நம் ஆட்களை நாளைக்கும் சந்திப்பார், ஸ்பேர்ஸ் கடையில் நின்று பேசுவார்கள், என்ன கொடுத்து அனுப்பினார்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள்.